பிரவுசரை மாற்றச் சொன்ன மகனுக்கு

சதீஷ்,

நலமாக இருக்கிறோம் என்று தொடங்கினால் அது முழு உண்மையாக இருக்காது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டே தொடங்குகிறேன். அடுத்த மாதம் நீ கனடாவுக்குக் கிளம்புகிறாய். பெட்டி எவ்வளவு எடை இருக்கலாம், புளிக்காய்ச்சல் கொண்டுபோக விடுவார்களா என்று நீயும் உன் மனைவியும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. நீ வாங்கி அனுப்பிய டேப்லெட்டைப் பற்றியும், அதில் வீடியோ ஒழுங்காக ஓடவில்லை என்று உன் அப்பா சொன்னதைப் பற்றியும், அந்தக் கோளாறை நாம் மூவரும் சேர்ந்து எங்கெங்கே தேடினோம் என்பதைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன். ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கிட்டு ஒரு தீர்வு சொல்வாய். நாள் முழுக்க யார் யாருடைய வீடியோவோ ஓடவில்லை என்று கேட்டுக் கேட்டு, அவர்கள் எதை மாற்ற வேண்டும் என்று சொல்வது உன் வேலை. இந்த ஒரு முறை முழுவதையும் படித்து முடித்துவிட்டுப் பேசு.

எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். நீ விமானம் ஏறும்வரை உனக்குத் தெரியக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. உன்னைத் தவிர வேறு யார் கையில் இது கிடைத்தாலும் படிக்கட்டும். தொங்கும் பாரத்துக்குக் கீழே நின்று வேலை செய்கிறவர்களின் வீடுகளில் படித்தால் நல்லதுதான். அதற்காக, உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லிக்கொண்டே போகிறேன். பொறுத்துக்கொள்.

உன் அப்பா கும்மிடிப்பூண்டியில் இரும்பை உருக்கும் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறார். ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து தொழிற்சாலைக்கு வந்த முதல் ஆள். கூரைக்குக் கொஞ்சம் கீழே, தண்டவாளத்தில் நகரும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அவர் உட்கார்ந்திருப்பார். உலையில் உருகிய இரும்பை ஒரு பெரிய வாளியில் ஊற்றுவார்கள். அந்த வாளியைக் கொக்கியில் தூக்கி, ஆட்கள் நடமாடும் கூடத்தின் நீளத்துக்கும் கொண்டுபோய், வார்க்கும் இடத்தில் சாய்க்க வேண்டும். கீழே ஒருவர் கையசைத்துச் சொல்வதைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர் நெம்புகோலைத் தொடுவார். சைகை கொடுக்க ஆள் நிற்காமல் வாளி தரையை விட்டு எழும்பாது. அப்பாவுக்குக் கீழே நின்று சைகை கொடுப்பவர் மதி. நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் தலையில் தட்டிவிட்டுப் போவாரே, அவர்தான்.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஆயுத பூஜைக்கு உன்னைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனோம். அன்று ஒருநாள்தான் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். உலை வாயில் பொட்டு, கொக்கியில் மாலை, தூணுக்குத் தூண் வாழைக்கன்று. அப்பா மேலே ஏறிக் காலி வாளியை ஒரு முறை ஓட்டிக் காட்டினார். நீ கையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். அவர் ஆட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாய். "வாளி மேல இருக்கறப்போ நைனா கைய எடுக்கக் கூடாது, கண்ண எடுக்கக் கூடாது. நீ என் புள்ளைதான், அதுக்காக?" என்று அவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவருடைய தொழில் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும். கீழே நிற்பவர்கள் அவரைப் பற்றி யோசிக்காமல் வேலை செய்தார்கள். யோசிக்க வேண்டியிருந்ததில்லை.

இந்த ஆண்டிலிருந்து கிரேன் ஓட்டுபவர்களுக்கான பாதுகாப்பு வகுப்பை இணையத்துக்கு மாற்றிவிட்டார்கள். முன்பு ஓர் அதிகாரி வந்து கேன்டீன் ஹாலில் பேசிவிட்டுப் போவார். இப்போது ஒரு வலைப்பக்கம், அதில் பாடம் பாடமாக வீடியோ, ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்விகள். எல்லாவற்றையும் முடித்தால்தான் மேலே ஏறுவதற்கான அட்டையைப் புதுப்பிப்பார்கள். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றதும் நீ டேப்லெட் அனுப்பினாய்.

முதல் வாரம் கோளாறு உண்மையாகவே டேப்லெட்டில்தான் இருந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன். பிறகு நாம் அவ்வளவு நாள் ஏமாந்ததற்கு இதுவே காரணம். சத்தம் வந்தது, படம் கறுப்பாக நின்றது. சில நேரம் சத்தமும் இல்லாமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பா டீ டம்ளருடன் என் பின்னால் நின்றுகொண்டு, "இன்னா லேபு, ஒரு படம் ஓட வெக்க முடியல. எம்மெஸ்ஸி கெமிஸ்ட்ரிய காலேஜ்லயே திருப்பிக் குடுத்துடு" என்றார். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு நான் லேபுதான். நீ ஃபோனில் இருந்தாய். "அம்மா, அதோட வந்த பிரவுசர்லயா பாக்கறீங்க? அத முதல்ல விடுங்க" என்றாய்.

நான் உடனே விடவில்லை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. எங்கள் கூடத்தில் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்வேன். தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், கொண்டுவந்த பாட்டிலைச் சந்தேகப்படு என்றும் சொல்வேன். அதனால் முதலில் நெட்டைப் பார்த்தேன். என் ஃபோனில் அதே வீடியோ தடையில்லாமல் ஓடியது. டேப்லெட்டில் இடம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. பிறகுதான் அந்த பிரவுசருக்குள் போனேன். டேட்டாவைச் சேமிப்பதாகச் சொல்லி, பக்கத்தில் பாதியை அதுவே வெட்டிக்கொண்டிருந்தது. அந்த அமைப்பை நிறுத்தியதும் படம் வந்தது. ஆனாலும் அதை வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. திறந்ததும் யாரோ நடிகையின் கல்யாணத்தையும் சர்க்கரை நோய்க்கு லேகியத்தையும் காட்டும் பிரவுசர் நமக்காக வேலை செய்யவில்லை, வேறு யாருக்காகவோ செய்கிறது. தவறாமல் புதுப்பிக்கப்படுவது, கேட்காமல் எதையும் வெட்டாதது, எதை அனுமதிக்கிறோம் என்று நம்மைக் கேட்பது, இந்த மூன்றும் போதும். வேகத்தைப் பற்றி அவர்கள் போடும் விளம்பரத்தை நம்பாதே. இந்த அளவுக்கு நீயும் நானும் ஒத்துப்போனோம். நீ சொன்ன பிரவுசரைப் போட்டேன். பாடம் ஓடியது. அப்பா முதல் பாடத்தை ஒரே மூச்சில் முடித்தார். கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் போட்டுவிட்டு, "லேபு பாஸு" என்றார்.

அதற்குப் பிறகுதான் குதிக்க ஆரம்பித்தது.

"குதிக்குது பாரு" என்றார் ஒரு மாலை. நான் சமையலறையிலிருந்து வந்து பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது. "எங்கே குதிச்சது?" என்றேன். "இங்கதான். கொக்கிய மாட்டிக்கினு இருந்தான். பாத்தா, தூக்கி, எறக்கி, வேற இன்னாத்தியோ பேசிக்கினு இருக்கான். நடுவுல காணோம்." பின்னால் நகர்த்தி மறுபடி ஓட்டினேன். கொக்கியை மாட்டினார்கள், தூக்கினார்கள், நகர்த்தினார்கள், இறக்கினார்கள். எதுவும் விடுபடவில்லை. "இப்போ ஓடுது" என்றார் அவர். "நீ வந்தா ஒழுங்கா ஓடுது. என்கிட்டதான் பேஜாரு பண்ணுது."

அன்றிரவே உன்னிடம் சொன்னார். நீ சிரித்துக்கொண்டே, இப்படி வந்து வந்து போகும் கோளாறுதான் இருப்பதிலேயே தொல்லை, என்றாய். பக்கத்தின் பழைய சேமிப்பை அழிக்கச் சொன்னாய். அழித்தோம். சில நாள் குதிக்கவில்லை. மறுபடி குதித்தது. படத்தின் தரத்தைக் குறைக்கச் சொன்னாய். குறைத்தோம். சில நாள் ஒழுங்காக இருந்தது. இன்னொரு பிரவுசரைப் போடச் சொன்னாய். அதிலும் அப்படித்தான். ஒவ்வொரு மாற்றமும் கொஞ்ச நாள் பலித்தது. அதனாலேயே ஒவ்வொன்றையும் நம்பினோம். காரணம் தெரியாமல் குணமான எதையும் நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் வீட்டில், களைத்து வந்த மாலைகளில், நானும் அதை அப்படியே விட்டேன்.

இரண்டு பாடங்களில் அவர் தேறவில்லை. கேட்டது பெரிய கேள்வியல்ல. வீடியோவில் நடித்துக் காட்டிய ஒரு விபத்தில், சைகை கொடுப்பவர் முதலில் என்ன செய்தார் என்று கேட்டிருந்தார்கள். "அவன் ஒண்ணும் செய்யல. நின்னுக்கினு இருந்தான், அப்பறம் ஆம்புலன்ஸ் வந்துச்சு" என்றார் அப்பா. நான் பார்த்தபோது அந்த ஆள் ஓடினார், இரண்டு கையையும் விரித்தார், கத்தினார், இரும்புத் தூணில் கம்பியால் அடித்தார். அதெல்லாம் வீடியோவில் வெகுநேரம் வருகிறது. அது அப்பாவின் கண் முன்னால் ஓடியபோது அவர் பார்க்கவில்லை.

டேப்லெட் திரையில் நம் வீட்டில் எப்போதும் படியும் இரும்புத் தூசியைத் துடைத்துக்கொண்டே அதை யோசித்தேன். அந்தப் பக்கத்தில், நெட் இல்லாமல் பார்ப்பதற்காக வீடியோவை இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. இறக்கினேன். நெட்டை முழுவதும் துண்டித்தேன். பிரவுசரைத் திறக்கவில்லை. டேப்லெட்டுக்குள் இருக்கும் கோப்பை, வீடியோ பார்க்கும் செயலியில் ஓட்டிக் கையில் கொடுத்தேன். இனி பக்கம் இல்லை, பிரவுசர் இல்லை, நெட் இல்லை. குதிப்பதற்கு வழியே இல்லை. நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து சாவதானமாகக் குரல் கேட்டது. "லேபு, இதுவும் குதிக்குது."

பிசைந்த கையோடு அப்படியே நின்றேன். எதையெல்லாம் மாற்ற முடியுமோ அதையெல்லாம் மாற்றிவிட்டேன். எல்லாப் பரிசோதனையிலும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அது கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அவர் பாடம் பார்க்க உட்கார்ந்தபோது, நான் திரையைப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு அவரைப் பார்த்தேன். என் ஃபோனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து, அவர் முகத்தைப் பதிவு செய்யும்படி வைத்திருந்தேன். வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. என்னைப் பற்றி எனக்கே வெட்கமாக இருந்தது. பிறகு அவர் நின்றார். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கண் திறந்திருந்தது, மூச்சு ஓடியது, கட்டைவிரல் மட்டும் டேப்லெட்டின் விளிம்பை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தது. வீடியோவில் ஒரு பெண் குரல் தொடர்ந்து பேசிக்கொண்டே போனது. "என்னங்க" என்றேன். இன்னொரு முறை, சத்தமாகக் கூப்பிட்டேன். கீரைக் காம்பு ஒன்றை எடுத்து அவர் மடியில் எறிந்தேன். அது அங்கேயே கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எச்சில் விழுங்கினார், கண்ணைச் சிமிட்டினார், திரையைச் சுட்டிக்காட்டினார். "பாத்தியா. குதிச்சிருச்சு."

அன்று மாலையே அதை டேப்லெட்டில் பெரிதாகப் போட்டு அவரிடம் காட்டினேன். சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். தன் முகத்தைத் தானே பார்ப்பதில் முதலில் அவருக்குச் சிரிப்புதான். "இன்னா, நம்மள வெச்சுப் படம் எடுக்கறியா? மீசைய ஒதுக்கிக்கினு வந்திருப்பேன்ல" என்றார். அந்த இடம் வந்தது. திரையில் அவர் முகம் அசையாமல் நின்றது. அப்பா என் பக்கம் திரும்பினார். பல நாளாகச் சொல்லிவந்தது நிரூபணமாகிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. "தோ பாரு. உன் படமும் நின்னுடுச்சு. நான் சொல்லல? டேப்லெட்டுதான் கோளாறு."

"உங்களுக்குப் பின்னாடி பாருங்க" என்றேன். "ஃபேனைப் பாருங்க."

பின்னால் மேசை விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்பி, மறுபடி திரும்பியது. அது திரும்பும்போதெல்லாம் சுவரில் காலண்டர் தாள் எழும்பி அடங்கியது. "என்னங்க" என்ற என் குரல் வந்தது. காம்பு வந்து மடியில் விழுந்தது. அவர் மட்டும் அசையவில்லை. அப்பா இன்னொரு முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை அவரே விரலால் நகர்த்திப் பார்த்தார். பிறகு டேப்லெட்டைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

தனக்கு என்ன ஆகிறது என்று அவர் கேட்கவில்லை. முதலில் சொன்னது, "மதிகிட்ட சொல்லாத."

அன்று இரண்டு பேரும் நிறையப் பேசினோம். முப்பது வருடத்தில் அவ்வளவு பேசியதில்லை. மேலே ஏறினால் ஒன்றும் ஆகாது, அங்கே கவனம் தானாக வந்துவிடும், நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தால் யாருக்கும் கண்ணை அசத்தும் என்றார். இது அசதியில்லை என்றேன். பையன் கிளம்பட்டும், அதுவரைக்கும் போகட்டும், அவன் இந்தச் சேதியைக் கேட்டால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிடுவான் என்றார். வாளி மேல இருக்கும்போது நீங்கள் இல்லாமல் போனால், என்றேன். "இல்லாம எங்க போறேன்? அங்கதான இருப்பேன்" என்றார். சொன்ன பிறகு தன் வார்த்தை அவர் காதிலேயே விழுந்திருக்க வேண்டும். எழுந்து வாசலுக்குப் போனார். வடக்கே உலைகளின் வெளிச்சத்தில் மேகம் சிவந்திருந்தது. தினமும் சிவப்பதுதான். அன்று அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நீ என்னைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் கேட்ட ஒன்றே ஒன்றை நான் செய்யவில்லை. அவர் எனக்குக் கணவர். கீழே நிற்கும் மதியோ, எதுவும் தெரியாமல் நிற்கிறார். தெரிந்தவள் நான் ஒருத்தி. விடிந்தால் அவர்கள் இருவருக்கும் முதல் ஷிஃப்ட். கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருக்கும் மதியின் மனைவிக்கு ஃபோன் செய்து, மதியை வரச் சொன்னேன்.

மதி வந்தார். அப்பா அதற்குள் மாடிக்குப் போயிருந்தார். நான் சமையலறை வாசலில் வைத்து, சுருக்கமாக, பார்த்ததை மட்டும் சொன்னேன். பயப்படுவார், அல்லது நம்ப மாட்டார் என்று நினைத்தேன். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். "அண்ணி, கிரேன் ஹேங் ஆவுதுன்னு எலக்ட்ரீசன் ரெண்டு தபா பேனலை அவுத்துட்டாரு" என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை.

"போன மாசத்துக்கு மின்னாடி ஒரு தபா. வாளி பாதி வழில நின்னுச்சு. நான் வா, வான்னு கைய காட்டிக்கினே இருக்கேன். வரல. மேல அண்ணன் என்னியேதான் பாத்துக்கினு இருக்காரு. அப்பறம் தானா வந்துச்சு. சுச்சு ஒட்டிக்குதுன்னு மாத்துனாங்க. மறுபடி நின்னுச்சு. பேனலையே மாத்துனாங்க. போன வாரம் மறுபடி. கிரேன் கம்பெனிக்காரன வரச் சொல்லிருக்காங்க அண்ணி, கம்ப்யூட்டர் வெச்சு செக் பண்ண." மாடிப் படியைப் பார்த்தார். "நின்னதோட போச்சு. நெம்புகோல் புடிச்ச கை அப்படியே இருந்து, வாளி நிக்காம போயிருந்தா?"

சதீஷ், நீயும் நானும் மூன்று பிரவுசர்களை மாற்றிக்கொண்டிருந்த அதே நாட்களில், அங்கே படித்த பொறியாளர்கள் ஒரு கிரேனின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் சோம்பேறியாக இல்லை. எல்லோரும் முறைப்படி தேடினோம். இயந்திரத்தில் கோளாறு இருக்கலாம் என்று நினைக்க நமக்குத் தயக்கமே இல்லை. முப்பது வருடம் தப்பு செய்யாத ஒரு மனிதரிடம் இருக்கலாம் என்று நினைப்பது அவமரியாதையாகப் பட்டது. அந்த மரியாதைதான் வாளிக்குக் கீழே மதியை நிறுத்தியிருந்தது.

அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து, எங்கள் இருவரையும் பார்த்ததும் தெரிந்துகொண்டார். "சொல்லிட்டியா?" என்று மட்டும் என்னைக் கேட்டார். மதி அவர் கையைப் பிடிக்கப் போனார். அவர் விலக்கினார்.

"நாளிக்கி நீ மேல ஏறாதண்ணா."

"ஏறுனா?"

"நான் கீழ நிக்க மாட்டேன்."

"நீ இல்லன்னா வேற ஆளு நிப்பான்."

"நிப்பான். அவனுக்குத் தெரியாதே. எனுக்குத் தெரியும். அவன நிறுத்திட்டு நான் நாஷ்டா துன்னுக்கினு இருக்கட்டுமா?"

அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். மதி பின்னாலேயே போனார். ரயில்வே கேட் வரை இருவரும் நடந்து திரும்பியதாக மதி பிறகு சொன்னார். திரும்பி வந்து, அப்பா என் எதிரிலேயே ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு ஃபோன் போட்டார். கண் சரியில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும், வர மாட்டேன் என்றார். கண் என்றுதான் சொன்னார். அதுவரைக்கும்தான் அவரால் முடிந்தது. மறுநாள் தொழிற்சாலை மருத்துவரைப் பார்த்து மீதியை நான் சொன்னேன். அப்பாவுடைய அட்டையை அன்றே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இனிக் கூண்டுக்கு அனுப்பவே மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்குப் பிறகு பல நாள் என்னை அவர் லேபு என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை.

உனக்கு ஒரு விஷயம் சொல்ல நினைக்கிறேன். இதை நான் உனக்குக் கற்றுத் தந்ததில்லை, எனக்கே இப்போதுதான் தெரிந்தது. உன்னைக் கூப்பிட்டு வீடியோ ஓடவில்லை என்று சொல்கிறவர்களிடம் எந்த பிரவுசர், எந்த டேப்லெட், எந்த நெட் என்று கேட்கிறாய். கேள். ஆனால் பக்கத்தில் வேறு யாராவது பார்த்தார்களா, அவர்களுக்கும் அப்படித்தான் தெரிந்ததா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. அது உன் வேலையில் சேராது என்று மேலதிகாரி சொல்லக்கூடும். சொல்லட்டும்.

போன வாரம் சென்னையில் நரம்பு மருத்துவரைப் பார்த்தோம். என்னைவிட வயது குறைந்த பெண். நான் எடுத்த பதிவை இரண்டு முறை பார்த்தார். இது தூக்கமில்லை, மறதியும் இல்லை, ஒரு வகை வலிப்பு என்றார். கை கால் உதறினால்தான் வலிப்பு என்று நினைத்திருந்த அப்பா, "நான் எங்கம்மா உதறுனேன்?" என்று கேட்டார். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் ஓர் இடத்தைப் பேனா முனையால் தொட்டு, இதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும், இன்னொரு ஸ்கேன் எடுக்கலாம், என்றார். என்னவாக இருக்கலாம் என்று கேட்டேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அப்படிச் சொல்வது எப்படிப்பட்ட பதில் என்று எனக்குத் தெரியும். முடிவு வராத மாதிரிகளுக்கு நானும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு அவர் ஒன்று கேட்டார். எப்போதிலிருந்து? அது தெரிந்தால், அந்த இடத்தில் இருப்பது புதிதா, வெகு நாளாக இருப்பதா என்று யோசிக்க உதவும் என்றார். டேப்லெட் வந்த பிறகு என்றேன். மதி சொன்ன கிரேன் கதையைச் சொன்னேன். அதற்கு முன்னால்? தெரியவில்லை என்றேன். அப்பாவிடம் கேட்பதில் பொருளில்லை. அவருக்கு அந்த நேரம் இருந்ததே தெரியாது.

வீடு திரும்பும் ரயிலில்தான் உன் நினைவு வந்தது. இரண்டு ஆண்டாக வாரந்தோறும் நீ அப்பாவோடு வீடியோ காலில் பேசுகிறாய். நான் பெரும்பாலும் சமையலறையிலிருந்து உன் குரலை மட்டும் கேட்பேன். "அப்பா, ஃப்ரீஸ் ஆயிட்டீங்க. கட் பண்ணிட்டு திரும்பக் கூப்பிடறேன்" என்று நீ சொல்வது எத்தனையோ முறை என் காதில் விழுந்திருக்கிறது. நெட் சரியில்லை என்று நானும் நினைத்தேன். அவற்றில் பல, நெட்டாகவே இருந்திருக்கும். எல்லாமே நெட்டாக இருந்திருக்குமா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. அவர் முகத்தை அத்தனை நேரம், அத்தனை அருகில், வேறு எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நீ ஒருவன்தான்.

நீ போக வேண்டாம் என்று எழுதவில்லை. டிக்கெட்டைப் பற்றி உன் மனைவியோடு பேசி நீயே முடிவு செய். அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டி முடித்தேன். பிறகு, "பிரவுசர் நல்லா இருக்குதுன்னு ஒரு வரி சேத்துக்க, லேபு. புள்ள வருத்தப்படப் போறான்" என்றார். சேர்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகும் முன்னால் எனக்கு உன் பதில் வேண்டும். நன்றாக யோசித்து எழுது. அவர் நின்றுபோனது முதல் முறையாக எப்போது? அப்போது நீ என்ன பேசிக்கொண்டிருந்தாய்? அவருடைய சத்தமும் நின்றதா, அல்லது அவர் முகம் நிற்க, பின்னால் நான் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததா? இனிமேல் உன் திரையில் அவர் அசையாமல் நின்றால், எது கோளாறு என்று பார்க்காதே. துண்டிக்காதே. பேசிக்கொண்டே இரு. எவ்வளவு நேரமானாலும், அவர் திரும்பி வரும்போது எதிரில் உன் முகம் இருக்க வேண்டும்.

அம்மா